உங்கள் கடைசி நாள் ஜூன் 4

கேள்வி:

அண்ணா, வணக்கம். லண்டன் ஹேய்ஸ் பகுதியில் ஒரு கெயார் ஹோமில் ஆறு வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். மருந்துப் பதிவேட்டில் இரண்டு இடத்தில் கையெழுத்து விடுபட்டது என்று பெப்ரவரியில் விசாரணை வைத்தார்கள். அது முடிந்த கையோடு அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு யாழ்ப்பாணம் போய்விட்டேன். மார்ச் 5ஆம் திகதி மின்னஞ்சலும், அடுத்த நாள் தபாலில் கடிதமும் வந்திருக்கின்றன. மகன் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்திருந்தான். 9ஆம் திகதி வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். வேலை இன்றோடு முடிகிறது, நோட்டீஸுக்குப் பதில் ஆறு வாரச் சம்பளம் தருகிறோம் என்று இருந்தது. பி45இல் ஏப்ரல் 16 என்று போட்டிருக்கிறார்கள். உடனே அப்பீல் கொடுத்தேன். இரண்டு முறை திகதி தள்ளிவிட்டார்கள். "முடிவு வரும்வரை பொறுத்திருங்கள்" என்று எச்.ஆர். எழுதியிருக்கிறது. ஏப்ரலில் ஏகாஸ் என்ற சமரச அமைப்புக்கு போன் செய்தும் பேசினேன். மூன்று மாதத்துக்குள் வேலை வழக்குகளைக் கேட்கும் ட்ரிபியூனலுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது? அங்கேயும் தோற்றால் மேலே போக எவ்வளவு காலம்? 28 பேரைப் பார்க்க இரவில் இரண்டே பேர் இருந்தோம், இது சரியில்லை என்று ஜனவரியிலேயே மேனேஜருக்கு எழுதியிருந்தேன். அதையும் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இன்று 2026 மே 20, புதன்கிழமை. இதை வாசித்து முடித்ததும், மற்ற வேலையெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஏகாஸ் இணையதளத்துக்குப் போய் 'ஏர்லி கன்சிலியேஷன்' என்ற, வழக்குக்கு முந்தைய சமரசப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுங்கள். பத்து, பதினைந்து நிமிட வேலைதான். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிவிட்டு வந்து மீதியை வாசியுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் நாள் எண்ணத் தொடங்குவதற்கு நான்கு இடம் இருக்கிறது. மார்ச் 5, மார்ச் 9, ஏப்ரல் 16, அப்புறம் இன்னும் வராத அப்பீல் முடிவு. நான் எண்ணச் சொல்வது மார்ச் 5இலிருந்து. மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைய என்பது கணக்கு. வேலை போன நாளுக்கு முந்தைய நாளை எடுத்து மூன்று மாதம் கூட்டுங்கள். மார்ச் 4, ஜூன் 4. ஜூன் 5 காலையில் போனால் பிந்திவிட்டீர்கள்.

முதலில் ஏப்ரல் 16ஐ ஒதுக்கிவிடுவோம். பி45 வருமான வரிக்கான தாள். அதில் எந்த நாள் போட்டிருந்தாலும் ட்ரிபியூனல் பார்ப்பது உங்கள் வேலை எந்த நாளில் முடிந்தது என்பதைத்தான். நோட்டீஸ் காலம் முழுக்க உங்களை வேலையில் வைத்திருந்து ஏப்ரல் 16இல் முடித்திருந்தால் அந்த நாளிலிருந்து எண்ணலாம். உங்கள் கடிதத்திலோ 'இன்றோடு' என்று தெளிவாக இருக்கிறது. ஆறு வாரக் காசு நோட்டீஸுக்குப் பதிலாக வந்தது. காசு ஏப்ரல்வரை நீண்டதால் வேலை ஏப்ரல்வரை நீளாது. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும் நாள் இருக்கே" என்று வருகிறவர்களை வருடம் தவறாமல் பார்க்கிறேன்.

அடுத்தது மார்ச் 9. இதில் உண்மையிலேயே உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. 2006 நவம்பர் கடைசியில் வேல்ஸில் ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி நடந்தது. வேலை நிறுத்தக் கடிதம் பதிவுத் தபாலில் நவம்பர் 30ஆம் திகதி வீட்டுக்கு வந்தது. அவர் அன்று வீட்டில் இல்லை. தங்கைக்கோ அக்காவுக்கோ குழந்தை பிறந்திருந்தது, லண்டனுக்குப் போயிருந்தார். வேறொருவர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தார். டிசம்பர் 4ஆம் திகதிதான் அவர் பிரித்து வாசித்தார். 2007 மார்ச் 2ஆம் திகதி ட்ரிபியூனலில் மனுப் போட்டார். நவம்பர் 30இலிருந்து எண்ணினால் பிந்திய மனு, டிசம்பர் 4இலிருந்து எண்ணினால் நேரத்துக்கு வந்த மனு. முதலாளி விடவில்லை, படிப்படியாக மேலே கொண்டுபோனார். கடைசியில் 2010 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கடிதத்தை வாசித்த நாள், அல்லது வாசிக்க நியாயமான வாய்ப்புக் கிடைத்த நாள்தான் கணக்கு. வீட்டு வாசலில் தபால் விழுந்த நாள் அல்ல. கிஸ்டா வழக்கு என்று எங்கள் தொழிலில் இதைச் சொல்வோம்.

அப்படியானால் 9ஆம் திகதியிலிருந்து எண்ணலாமே என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும், நீங்கள் எண்ணாதீர்கள். உங்களுக்கு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போன் கையில்தானே இருந்தது, 5ஆம் திகதியே பார்த்திருக்கலாமே என்று எதிர்ப்பக்க வக்கீல் கேட்பார். திவச வேலையில் இருந்தேன் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் உங்களை நம்புகிறேன். நீதிபதியும் நம்பலாம். ஆனால் அந்த வேல்ஸ் பெண்ணைப் பாருங்கள். அந்த நான்கு நாளுக்காக மூன்றரை வருடம் அலைந்தார். அலைந்து ஜெயித்தது வழக்கை அல்ல, தன் வழக்கைக் கேட்கச் சொல்லும் உரிமையை மட்டும். கிஸ்டா தீர்ப்பு, நாள் தவறிப்போனவருக்கு ஒரு கைப்பிடி. நாள் இருக்கிறவர் அதை நம்பி உட்காரக் கூடாது.

இனி அப்பீல். அதிகம் பேரை விழுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே போகக் கூடாது, ஒரு கதவைத் தட்டியிருக்கும்போது அடுத்த கதவைத் தட்டினால் மரியாதைக் குறைவு என்று நினைப்போம். கம்பெனிக்குள் அப்பீல் கொடுத்துவிட்டு, அதன் முடிவு வந்த பிறகு ட்ரிபியூனல் போவதுதான் முறை என்று மனம் சொல்லும். இங்கிலாந்துச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உள் அப்பீல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூன்று மாதம் ஓடிக்கொண்டேயிருக்கும். அப்பீலில் தோற்றால் வேலை போன நாள் முதல் கடிதத்தின் நாள்தான், அப்பீல் முடிவு வந்த நாளாக மாறாது. 1980களின் தொடக்கத்திலேயே நீதிமன்றங்கள் இதைத் தீர்த்து வைத்துவிட்டன. உள் அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்பது மட்டும் பிந்தி வந்ததற்குக் காரணமாகாது என்றும் சொல்லிவிட்டன.

1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த சவுத்எண்ட் நகராட்சி வழக்கு ஒன்று உண்டு. திருட்டுக் குற்றத்தில் தண்டனை பெற்றதால் இரண்டு ஊழியர்களை நகராட்சி வேலையிலிருந்து நிறுத்தியது. அவர்கள் தண்டனைக்கு எதிராகப் போராடி, தண்டனை ரத்தானது. அதற்குப் பிறகுதான் ட்ரிபியூனல் பக்கம் வந்தார்கள். பிந்திவிட்டது என்று மனுவை எடுக்கவே இல்லை. குற்றமற்றவர்கள் என்று ஆன மனிதர்களுக்கே அந்த நிலை. இந்த வழக்கை வாசிக்கும்போதெல்லாம் இன்றைக்கும் மனம் கனக்கும்.

எச்.ஆர். "பொறுத்திருங்கள்" என்று எழுதியது வேண்டுமென்றே நாளைக் கடத்தவா, வேலைப் பளுவிலா, எனக்குத் தெரியாது. எந்த எண்ணத்தில் எழுதினாலும் உங்களுக்கு விளைவு ஒன்றுதான். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள். முதலாளி தவறான வழி காட்டியதால் பிந்தினேன் என்று வாதாட ஒருநாள் தேவைப்படலாம். தேவைப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிலை இவ்வளவு வேகமாக எழுதுகிறேன்.

அப்பீலை மீளப் பெறாதீர்கள். அதுவும் நடக்கட்டும். அப்பீல் கொடுக்காமலோ, காரணமில்லாமல் கைவிட்டாலோ, பின்னால் ட்ரிபியூனலில் ஜெயித்தாலும் நட்டஈட்டை 25 வீதம் வரை குறைக்க இடம் இருக்கிறது. அப்பீலில் ஜெயித்து வேலைக்குத் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் பணிநீக்கமே நடக்காதது போல் ஆகிவிடும். அப்போது ட்ரிபியூனல் மனுவைத் திரும்பப் பெறுவது ஒரு கடித வேலை. இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் நடப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முதலாளிகள் இதைத் தினமும் பார்க்கிறார்கள், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

சரி, ஏகாஸுக்கு ஏற்கெனவே போன் செய்தேன் என்கிறீர்கள். ஏகாஸ் அரசு சார்ந்த சமரச அமைப்பு, காசு வாங்காது. ஆனால் நீங்கள் பேசியது அதன் ஆலோசனை இலக்கத்தில். அங்கே எவ்வளவு நேரம் பேசினாலும் கடிகாரம் நிற்காது. ஏர்லி கன்சிலியேஷன் என்று முறைப்படி அறிவித்தால்தான் நிற்கும். அந்த அறிவிப்புக் கொடுத்து சான்றிதழ் இலக்கம் வாங்காமல் ட்ரிபியூனல் உங்கள் மனுவை எடுக்கவும் மாட்டாது. 2014 மே முதல் இது கட்டாயம்.

படிவத்தில் கேட்பது அதிகமில்லை. உங்கள் பெயர், முகவரி, முதலாளியின் பெயர், முகவரி, இவைதான் முக்கியம். முதலாளியின் பெயரில் கவனம். வாசலில் தொங்கும் பலகையில் இருப்பது இல்லத்தின் பெயர். உங்களுக்குச் சம்பளம் போட்டது வேறு பெயருள்ள ஒரு கம்பெனியாக இருக்கும். சம்பளச் சீட்டிலோ வேலை ஒப்பந்தத்திலோ 'லிமிடெட்' என்று முடியும் பெயரை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். சான்றிதழில் ஒரு பெயர், மனுவில் வேறு பெயர் என்று வந்தால் அதற்கு வேறு ஒரு சண்டை பிடிக்க வேண்டி வரும்.

அறிவித்த அடுத்த நாளிலிருந்து சான்றிதழ் கைக்கு வரும் நாள் வரை உங்கள் மூன்று மாதக் கணக்கில் சேராது. அதோடு, சான்றிதழ் வந்த நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதமாவது மனுப் போடக் கிடைக்கும். நாளை, மே 21இல் அறிவித்து, ஜூன் 18இல் சான்றிதழ் வருகிறது என்று வையுங்கள். 28 நாள் கூட்டினால் ஜூன் 4 ஜூலை 2 ஆகும். ஒரு மாத விதி அதை ஜூலை 18க்குக் கொண்டுபோகும். சமரசப் பேச்சு முன்பு ஆறு வாரம்வரை போகும். 2025 டிசம்பர் 1 முதல் பன்னிரண்டு வாரம்வரை போகலாம். பேச விருப்பமில்லை என்று இரு பக்கத்தில் யார் சொன்னாலும் சான்றிதழ் சீக்கிரம் வந்துவிடும்.

இந்தச் சலுகை ஒரே ஒருமுறைதான். இரண்டாவது சான்றிதழ் வாங்கினால் இன்னொரு தரம் நாள் நீளும் என்று நினைக்காதீர்கள். ஜூன் 4 தாண்டிய பிறகு அறிவித்தாலும் செத்த நாள் உயிர் பெறாது. சான்றிதழ் வந்ததும் அந்த ஒரு மாதத்தை முழுவதும் செலவழிக்காமல் ஒரு வாரத்துக்குள் ஈ.டி.1 என்ற ட்ரிபியூனல் மனுப் படிவத்தை இணையத்திலேயே போட்டுவிடுங்கள். தபாலில் வேண்டாம். கட்டணம் எதுவும் இல்லை. 2013இல் கட்டணம் வைத்தார்கள், உங்கள் மாதிரி வழக்கு விசாரணைவரை போனால் 1,200 பவுண்ட். யூனிசன் தொழிற்சங்கம் போட்ட வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று அடித்துப் போட்டது. ஊரிலிருந்து வந்த பலர் இன்னும் காசு கட்ட வேண்டும் என்று பயந்து போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

ஜனவரியில் மேனேஜருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது முதல் வரியாகத் தெரிகிறது. 28 பேருக்கு இரவில் இரண்டு பேர் என்பது அங்கே இருக்கும் முதியவர்களின் பாதுகாப்பைப் பற்றிய முறைப்பாடு. அப்படிச் சொன்னதற்காகத்தான் நிறுத்தினார்கள் என்று காட்ட முடிந்தால் அது தனி வகை வழக்கு, இன்னும் பலமானது. அதற்கும் அதே மூன்று மாதம்தான். அந்த வகைக்கு, வழக்கு முடியும்வரை சம்பளம் தொடரக் கேட்கும் ஒரு அவசர வழி உண்டு. அதற்கு வேலை போய் ஏழே நாள்தான், அது உங்களுக்குக் கடந்துவிட்டது. வழக்கு கடக்கவில்லை. ஈ.டி.1இல் முதல் நாளே இதை எழுதுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேர்க்க அனுமதி கேட்டு நிற்க வேண்டும். வேலை மின்னஞ்சலை மூடியிருப்பார்கள். அந்தக் கடிதத்தின் பிரதி உங்கள் சொந்தப் போனில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள்.

பிந்திவிட்டவர்களும் இதை வாசிப்பீர்கள், உங்களுக்காகவும் கொஞ்சம். நியாயமற்ற பணிநீக்கத்தில் பிந்திய மனுவை எடுக்க ட்ரிபியூனல் இரண்டு கேள்வி கேட்கும். நேரத்துக்குப் போடுவது உங்களுக்கு நடைமுறையில் சாத்தியமில்லாமல் இருந்ததா? அந்தத் தடை நீங்கியதும் தாமதிக்காமல் போட்டீர்களா? கடும் நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கு இடம் கிடைக்கும். சட்டம் தெரியாது என்பதற்கு இந்தக் காலத்தில் பெரும்பாலும் கிடைக்காது, கூகிளில் தேடியிருக்கலாமே என்பார்கள். வக்கீல் பிந்தினால் கட்சிக்காரர் பிந்தியதாகவே கணக்கு, 1970களிலிருந்தே அப்படித்தான். இனம், மதம், பால், கர்ப்பம், ஊனம் போன்றவற்றால் பாகுபாடு காட்டப்பட்டது என்ற வழக்கில் காலம் அதே மூன்று மாதம் என்றாலும், பிந்தியதை ஏற்பது நியாயமா என்று பார்க்கும் அதிகாரம் அகலமானது. ஆக உங்கள் கதையில் பாகுபாடும் இருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

பல வருடம் முன்பு ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். பதினொரு வருடம் ஒரே இடத்தில் வேலை. உள் அப்பீல் முடிவு வரட்டும் என்று காத்திருந்து, வந்த அன்றே எல்லாத் தாளையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு வந்தார். நாள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நீதிபதி பரிவோடு பேசினார், வழக்கில் வலு இருப்பதாகக்கூடச் சொன்னார், ஆனாலும் கேட்க அதிகாரம் இல்லை என்று முடித்துவிட்டார். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று என் அம்மம்மா சொல்வார். அன்றிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி என்ன நடந்தது என்பதல்ல. எந்தத் திகதி என்பதுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ட்ரிபியூனலில் தோற்றால் மேலே இருப்பது எம்ப்ளாய்மென்ட் அப்பீல் ட்ரிபியூனல். அதற்கு 42 நாள். எண்ணுவது, எழுத்தில் காரணங்கள் உங்களுக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து. உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அனுப்பியதாகத் தாளில் அச்சிட்டிருக்கும் நாளிலிருந்து. கடிதத்தைப் பிரித்த நாள் என்ற கிஸ்டா சலுகை இங்கே செல்லாது. ஒரு புதன்கிழமை அனுப்பினால் ஆறாவது புதன்கிழமை பின்னேரம் 4 மணி கடைசி. 4 மணிக்குப் பிறகு வந்தது அடுத்த நாள் வந்ததாகக் கணக்கு. தீர்ப்பின் பிரதியும் காரணங்களின் பிரதியும் சேர்த்து அனுப்ப வேண்டும், தாள் குறைந்து நாள் தவறியவர்கள் நிறையப் பேர்.

நீதிபதி வாய்மொழியாகத் தீர்ப்புச் சொல்லி முடித்தால், எழுத்தில் காரணம் வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். இல்லையென்றால் தீர்ப்பு அனுப்பிய 14 நாளுக்குள் கேளுங்கள். கேட்காமல் விட்டால் 42 நாள் தீர்ப்பு அனுப்பிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், மேலே காட்டக் காரணத் தாளும் இருக்காது. அதே ட்ரிபியூனலை மீண்டும் பரிசீலிக்கக் கேட்பதற்கும் 14 நாள்தான். அதைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் 42 நாள் நிற்காது. மேலே போவது சட்டப் பிழைக்கு மட்டும். "நீதிபதி என்னை நம்பவில்லை, மேனேஜரை நம்பிவிட்டார்" என்பது எவ்வளவு வலித்தாலும் அங்கே எடுபடாது.

மூன்று மாதம் ஆறு மாதமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய வேலை உரிமைச் சட்டம் ஆறு மாதமாக்குகிறது. நல்ல மாற்றம். 1971இல் இந்த உரிமை முதன்முதலில் வந்தபோது நான்கே வாரம்தான் கொடுத்தார்கள், அங்கிருந்து மூன்று மாதமாக்கினார்கள், இப்போது ஆறு. ஆனால் இதை எழுதும் 2026 மே வரை அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரவில்லை. மார்ச்சில் நிறுத்தப்பட்ட உங்களுக்கு மூன்று மாதம்தான்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தீர்களா என்று பாருங்கள். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள், பலரின் பத்திரத்தில் வழக்குச் செலவுக்கான பிரிவு இருக்கிறது, அவர்களுக்கே தெரிவதில்லை. இரண்டும் இல்லையென்றால் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது பகுதிச் சட்ட நிலையம். ஆனால் இவர்களில் யாருடைய பதிலுக்காகவும் ஏகாஸ் படிவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு வக்கீல் தேவையில்லை, வழக்கு எவ்வளவு பலமானது என்று தெரிந்திருக்கவும் தேவையில்லை. அனுப்பியதும் ஏகாஸிலிருந்து உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். வரவில்லையென்றால் நாளையே திரும்ப முயலுங்கள். வந்ததும் ஒரு பிரதி எடுத்து, மார்ச் 5ஆம் திகதிக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.